ஏழாவது உருண்டை

காலை ஒன்பது நாற்பதுக்கு ஏழாவது உருண்டை உடைந்தது. தாங்க வேண்டிய எடையில் பாதிக்கே.

இடுப்பு மூட்டில் பொருத்துகிற பீங்கான் உருண்டை. உடம்புக்குள் இருபது ஆண்டு உழைக்குமா என்று பார்க்க, முதலில் ஆவியில் வேகவைப்போம். பிறகு உடையும்வரை அழுத்துவோம். கலவை என்னுடையது. மூன்று ஆண்டு உழைப்பு. முதல் ஆறும் நன்றாகத் தாங்கியிருந்தன.

துண்டை நுண்ணோக்கியில் வைத்தேன். விரிசல் உள்ளே, ஓர் ஊசிமுனைத் துளையிலிருந்து கிளம்பியிருந்தது. அடிபட்டிருந்தால் வெளிப்பரப்பில்தான் தொடங்கும்.

முந்தைய நாள், உருண்டைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவரும் ஊழியர் அண்ணன் தட்டை மேசை விளிம்பில் இடித்துவிட்டார். எதுவும் விழவில்லை. பதிவேட்டில் எழுதினேன்: 'ஏழாவது, கையாளுகையில் அடிபட்டது. சோதனையில் சேராது.' விதியில் அதற்கு இடமுண்டு. வேறொன்றை வைத்தேன். தாங்கியது. கலவை தேறியது.

மேலாளர், அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தார். தெரியாமல் நடந்தது, விட்டுவிடுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன்.

அதிலிருந்து அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, தூங்கும் குழந்தையைத் தூக்கிப்போவதுபோல் நடக்கிறார்.

"பீங்கான்தாண்ணே, வெடிகுண்டு இல்ல" என்று மற்றவர்கள் சீண்டுவார்கள்.

"ஒரு தடவை பட்டது போதும்ப்பா" என்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஓராண்டு கழித்து, உருண்டை சந்தைக்குப் போன பிறகு, ஒரு மதியம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க அண்ணிக்கு இடுப்பு மாத்தணுமாம்மா. அடுத்த வாரம்."

"ரொம்ப வலியா?"

"வலியவிட பயம்தான். உடம்புக்குள்ள பீங்கானா, உடைஞ்சிடாதாங்கறா. உடைச்சவன் சொல்றேன்டி, நான் கை வைக்காம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னேன்." சிரித்தார்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு அது நீங்க இடிச்சதால உடையல."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் எனக்காகப் பேசுறியே. நீ மட்டும் இல்லேன்னா நான் அன்னைக்கே வீட்டுல உக்காந்திருப்பேன்."

"இல்லண்ணே, நான் சொல்றது..."

"விடும்மா. டாக்டர் மூணு வகை சொல்லி, எங்களையே முடிவு பண்ணச் சொல்லிட்டார். ஒண்ணு நீ பண்ணது." சட்டைப்பையிலிருந்து மருத்துவமனைத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். "அதையே போடச் சொல்லிடட்டுமா?"