கழற்ற மறந்த மைக்

‘கட்’ சொன்ன பிறகும் மதலைமுத்துவின் சட்டையிலிருந்த காலர் மைக்கை யாரும் கழற்றவில்லை. கேமரா நின்றுவிட்டது, ஒலிப்பதிவு மட்டும் ஓடியிருக்கிறது. சிறையில் ஆவணப்படம் எடுத்துவிட்டு வந்திருந்த ஆஷா ஹெட்போனை அழுத்திக் கேட்டாள். செருப்புச் சத்தம். குழாய்த் தண்ணீர். பிறகு, இன்னொரு கைதியிடம் அவன் குரல்.

“அந்த அக்காகிட்ட சொல்லிடட்டாண்ணா? நான் வழுக்கி விழல, சார்தான் லத்தியால கைய ஒடச்சாருன்னு?”

“வாய மூடுறா. அவங்க நாளைக்குப் போயிடுவாங்க. நீ இங்கதானே கெடக்கணும்?”

ஈஜிபுராவில் தன் அறையில் ஃபேன் சுற்றியும் அவளுக்கு வேர்த்தது. சிறைச் சுவரில் இடது கையாலேயே கோலார் தங்கவயலை வரைந்த கைதி அவன். தன் படத்துக்கு அழகே அந்த இடது கைதான் என்று நினைத்திருந்தாள். வலது கையைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டாள், விழுந்துட்டேன் என்றான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

ஒலிப்பதிவாளன் கிஷோரை அழைத்தாள்.

“சொல்லு தாயி, இன்னிக்கு என்ன தொலஞ்சுது?”

“ஜெயில்ல குடுத்த டிரைவ்ல சவுண்டும் போட்டியா?”

“எல்லாத்துக்கும் காப்பி குடுத்தாதான் வெளிய விடுவேன்னாங்களே. போட்டேன். ஏன்?”

அவர்கள் அதைக் கேட்பதற்குள் மாற்றிவிட, அந்தத் துண்டை நீக்கி இன்னொரு டிரைவ் தயார் செய்தாள். சிறைக்குப் போகும் ஆட்டோவில் சொல்லவேண்டிய பொய்யை நூறு முறை சொல்லிப் பார்த்தாள். பயம் அவனுக்காகவா, படத்துக்காகவா என்று உள்ளே ஒன்று கேட்டது.

“பன்னி, வாங்க மேடம், உக்காருங்க,” என்று கன்னடம் கலந்து வரவேற்றார் சிறை அதிகாரி.

“தப்பான டிரைவ் குடுத்துட்டோம் சார். மாத்திக்கறேன்.”

“அதுக்கென்ன.” கம்ப்யூட்டரிலிருந்து உருவி, சிரித்தபடி நீட்டினார். உள்ளங்கையில் அது சூடாக இருந்தது. மேசைமேல் ஒரு ஹெட்போன் கிடந்தது.

“சவுண்டு ரொம்ப க்ளீன் மேடம். உங்க ரெக்கார்டிங் பையன் கெட்டிக்காரன்.”

அவள் மாற்று டிரைவை மேசையில் வைத்தாள்.

“மதலைமுத்து...?”

“இன்னிக்கு பெயிண்டிங்குக்கு வரல. கொஞ்சம் ஜ்வரம். நீங்க ஹொரடுங்க, கிளம்புங்க, வெயில் ஏறுது.”

வந்த காரியம் முடிந்தது. கதவு திறந்தேதான் இருந்தது.

“அவரப் பாத்துட்டுப் போறேன் சார்.”

“இன்னிக்கு ஆகாது.”

“ஆகற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். அந்த சவுண்டு என் வீட்லயும் இருக்கு சார்.”

அவர் சிரிப்பு நின்றது. மேசை மணியை அடித்தார். யாரை அழைக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.