ஜெனரேட்டருக்குக் கேஸ் இழுத்த கதை

எனக்கு வலது தோள்பட்டை தேய்ந்துபோய் மூன்று வருடம். ஜெனரேட்டர் கயிற்றை இழுக்க முடியாது, பெட்ரோல் கேனைத் தூக்க முடியாது. கரண்ட் போனால் மகனுக்கு ஒரு போன் அடிப்பேன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வருவான். பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்து, எஞ்சின் ஒரு நிலைக்கு வரும்வரை அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருப்பான். பெரிதாக ஒன்றும் பேசமாட்டான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதுவே போதும். கரண்ட் போகாதா என்று காத்துக் கிடந்த ஆள் இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மெக்கானிக்கை அனுப்பிவிட்டான். அவர் டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்தார். கார்புரேட்டருக்கு முன்னால், கேஸில் ஓடுவதற்கான ஒரு அடாப்டரை வைத்தார். சமையலறைக்கு வரும் கேஸ் குழாயிலிருந்து, தனி வால்வோடு, பின்வாசலுக்கு ஒரு கிளை இழுத்தார். கயிற்றுக்குப் பதில் சாவி.

"இனி பெட்ரோலே வேண்டாம் சார். வால்வைத் திறந்து சாவியைத் திருப்புங்க, ஓடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்ல."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். 

நேற்று மதியம் கரண்ட் போனது. முதல் வேலையாகப் பின்பக்கம் போய், வால்வு நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். பிறகு போனை எடுத்தேன்.

"உன் மெக்கானிக் லட்சணத்தைப் பாரு. ஓட மாட்டேங்குது. வந்து பாத்துட்டுப் போ."

"வால்வு திறந்திருக்காப்பா?"

"எனக்கு அதுகூடவா தெரியாது?"

"அப்ப லைன்லயே கேஸ் வரலயோ என்னவோ. அடுப்பு எரியுதா?"

"எரியலயே" என்றேன், கூசாமல். சொல்லி வாய் மூடவில்லை, பாழாய்ப்போன குக்கர் வீடே அதிர விசிலடித்தது.

மறுமுனையில் அவனுக்கும் கேட்டிருக்கும்.  இந்த வயதில் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எவ்வளவு அசிங்கம்.

"வால்வைத் திறங்கப்பா" என்றான் மெதுவாக.

போய்த் திறந்தேன். சாவியைத் திருப்பினேன். சனியன், முதல் திருப்பிலேயே ஓடியது.

"ஓடுதா?"

"ஓடுது."

ஏன் பொய் சொன்னேன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மானத்தை விட்டுச் சொல்லியிருப்பேன். அவனுக்கும் அது தெரிந்திருக்கும் போல.

"சரிப்பா, வேலை இருக்கு, வெச்சிடறேன்" என்றான்.