உள்ளங்கை ரயில்

எனக்கு அசிங்கமாக ஒன்றைச் செய்ய வராது. இது தற்பெருமை என்பாள் என் மனைவி. இருந்துவிட்டுப் போகட்டும். மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டிய அளவில், ரப்பர் ஸ்டாம்ப் கடை வைத்திருக்கிறேன். அலுவலக முத்திரை என்றால் மெஷினே வெட்டிவிடும். படம் என்றால் மட்டும் பிளேடை எடுத்துக்கொண்டு நானே உட்காருவேன். நான் வெட்டிய பூனையைப் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரரின் நாய் குரைத்தது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

என் மனைவி இரண்டாம் வகுப்பு டீச்சர். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்து, பையை என் மேஜைமேல் தொப்பென்று வைத்தாள்.

"இன்னைக்கும் பாதி பெஞ்சு காலிங்க. ஒண்ணுக்கு வாந்தி, ஒண்ணுக்கு வயித்தால போகுது, மீதிக்கெல்லாம் சளி. விழாவுல ரயில் ஓட்டணும். பெட்டியே இல்லாம எதை ஓட்டறது?"

"குழாய்கிட்ட சோப்பு வெச்சிருக்கீங்கல்ல?"

"வெச்ச சோப்பு வெச்ச மாதிரியே இருக்கு. தண்ணியில கைய ஒருதரம் காட்டிட்டு, சட்டையில தொடைச்சுட்டு, நேரா டிபன் டப்பாவத் தொறந்துடுதுங்க. கையில கிருமி இருக்குன்னு சொன்னா, 'எங்க டீச்சர், காட்டுங்க'ன்னு கேக்குதுங்க. நான் எதைக் காட்டுவேன்?"

ரயில் என்பது அவள் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு விழாவில் போடவிருந்த நாடகம். அதில் முன்னால் ஓட வேண்டியவள், வகுப்பிலேயே பெரிய தொண்டை படைத்த ஒரு சிறுமி. நாடகத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் முழுக்க அவள் பெயர் இன்ஜின்தான். அவளுடைய அப்பா லாரி டிரைவர். வீட்டுக்கு வருவது எப்போதாவது.

போன வருஷ நாடகத்தில் அவள் நிலா. விழாவன்று காலையில் அவளுக்கு ஓயாத வாந்தி. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, நிலா முகமூடியை வேறொரு பெண் மாட்டிக்கொண்டாள். டிரைவருக்கு இது எதுவும் தெரியாது. லாரியை விட்டு இறங்கி நேராக அரங்கத்துக்கு வந்தவர், முன்வரிசையில் நின்று நிலாவுக்குக் கைதட்டினார், படம் பிடித்தார், பக்கத்தில் இருந்தவரிடம் "எம் பொண்ணு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். கடைசியில் முகமூடி கழன்றபோது உள்ளே இருந்தது வேறு யாரோ பெற்ற பிள்ளை. அப்போதும் அந்த மனிதர் கைதட்டுவதை நிறுத்தவில்லையாம். அந்தப் பிள்ளையின் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று தட்டிக்கொண்டே இருந்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவிக்குக் குரல் கம்மிவிடும். நான் இருமிச் சமாளித்துவிடுவேன்.

"இந்த வருஷம் அவ மேடையில நிக்கணுங்க. அவ அப்பா பாக்கணும்," என்றாள். "அதனால எனக்கு ஒரு கிருமி வெட்டிக் குடுங்க. காலையில எல்லார் உள்ளங்கையிலயும் குத்திடறேன். சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சாத்தான் போகணும். சாப்பாட்டு நேரத்துல கைய நீட்டுன்னா, யாரு கழுவினா யாரு ஏமாத்தறான்னு தெரிஞ்சுபோயிடும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தொப்பை வைத்த கிருமி. குட்டிக் குட்டியாய்க் கால்கள். நீளமாக இமை. ஒற்றைப் பல் தெரிகிற ஒரு சிரிப்பு. தோலுக்குக் கெடுதல் இல்லாத நீல மையில் தோய்த்து என் கையிலேயே குத்திப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோல் இருந்தது. மனைவியிடம் கொடுத்தபோது அவள் சந்தேகமாகப் பார்த்தாள். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். கடை வாசலில் அவள் வந்து நின்ற நிற்பைப் பார்த்ததுமே, கையில் இருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

"கிருமி வெட்டச் சொன்னா செல்லப்பிராணி வெட்டிக் குடுத்திருக்கீங்க!"

பிள்ளைகள் அதற்குக் குண்டு என்று பெயர் வைத்துவிட்டார்களாம். குண்டு அழிந்துவிடும் என்று ஒருவரும் குழாய்ப் பக்கமே போவதில்லை. ஒரு பையன் கையில் பாலிதீன் பை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஒருத்தி குளிக்கும்போது கையை மட்டும் தண்ணீர் படாமல் தூக்கி வைத்துக்கொள்கிறாள். முன்பாவது தண்ணீரில் நனைத்தார்கள். இப்போது அதுவும் போச்சு. அன்றைக்குக் காலி பெஞ்சுகள் இன்னும் கூடியிருந்தன. இன்ஜினுக்கும் காலையிலிருந்து மூக்கு ஒழுகுகிறதாம்.

"பாத்தாலே அருவருப்பா ஒண்ணு வெட்டித் தாங்க."

முயற்சி செய்தேன், சத்தியமாக. கரப்பான்பூச்சி வெட்டினேன், மீசை அவ்வளவு எடுப்பாக அமைந்துவிட்டது. கொம்பு வைத்த பூதம் வெட்டினேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் தன் பேரனுக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தட்டில் சாதம் விழுகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

சமாதானத்துக்கு ஒரு வேலை செய்தேன். விழா அழைப்பிதழ்களில் குத்துவதற்காக ஒரு ரயில் இன்ஜின் வெட்டினேன். புகைபோக்கி, முன்விளக்கு, சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் தெரியும். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். நான் ஒரு அட்டையில் குத்திக் காட்டியதுதான் தாமதம், வகுப்பே என்மேல் ஏறிவிட்டது.

"ஸ்டாம்ப் மாமா, எனக்கு! எனக்கு மாமா!"

முதல் கை இன்ஜினுடையது. அழுக்கும் வேர்வையும் படிந்து, நடுவில் மூன்று நாள் குண்டு ஒன்று மங்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

என் தொழிலில் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. ஒரு அச்சின்மேல் இன்னொரு அச்சு விழக் கூடாது. இரண்டும் கெட்டுவிடும். கடையில் அப்படிக் குத்தித் தரச் சொன்ன பெரிய மனிதர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கே நிற்கிறேன் என்பதை மறந்து கத்திவிட்டேன்.

"இந்தக் கையிலயா? இது மேல என் இன்ஜினா? சுத்தமான கை இருந்தா நீட்டு. இல்லன்னா நடையக் கட்டு!"

சின்னப் பிள்ளைகளிடம் இப்படியா எரிந்து விழுவது என்று எனக்கே உறுத்தியது. இன்ஜின் தன் கையைப் பார்த்தாள். ஸ்டாம்பைப் பார்த்தாள். சட்டென்று திரும்பிக் குழாயை நோக்கி ஒரே ஓட்டம். பின்னாலேயே மொத்த வகுப்பும். வராந்தாவில் தள்ளுமுள்ளு. "சோப்பக் குடுடா!" "நகத்துக்குள்ள இன்னும் இருக்கு பாரு!" என்று கூச்சல். சொட்டச் சொட்ட ஈரத்தோடு திரும்பி வந்து, உள்ளங்கைகளை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்கள். ஒரு குண்டுகூட மிச்சமில்லை.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள்.

"உங்க திமிரு இத்தனை நாள்ல இன்னைக்குத்தாங்க உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கு," என்றாள்.

அதன் பிறகு சட்டம் எளிமையாகிவிட்டது. கழுவிய கைக்குத்தான் ஸ்டாம்ப். காலையில் வந்ததும் கழுவினால் இன்ஜின். சாப்பாட்டுக்கு முன் அதைச் சுத்தமாக அழித்துவிட்டு வந்தால் ஒரு பெட்டி. கழிவறைக்குப் போய்விட்டு வந்து கழுவினால் இன்னொரு பெட்டி. நான் மாய்ந்து மாய்ந்து பெட்டிகள் வெட்டினேன். ஜன்னலில் தலை நீட்டும் ஆள் உள்ள பெட்டி, மாடு ஏறிய பெட்டி, கூரையில் குடை பிடித்த குரங்கு உட்கார்ந்த பெட்டி. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் பிள்ளைகள் தவித்தார்கள். பக்கத்து வகுப்புகளும் ஈரக் கையோடு வரிசையில் வந்து நின்றன. சோப்பு இப்படிக் கரைகிறதே என்று தலைமையாசிரியை முதலில் முணுமுணுத்தார். காலி பெஞ்சுகள் குறைவதைப் பார்த்த பிறகு, அவரே குழாயடியில் நின்று சோப்பை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். சளி அடியோடு போய்விடவில்லை, மழைக்காலம் அல்லவா. ஆனாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வீட்டில் படுப்பது வெகுவாகக் குறைந்தது.

விழாவன்று காலையில் இன்ஜின் மூச்சிரைக்க ஓடிவந்து, "டீச்சர், நான் நல்லா இருக்கேன்!" என்று அரங்கம் அதிரக் கத்தினாள். என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. ரயில் முழுசாக இருந்தது. ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

ஆனால் டிரைவரைக் காணோம்.

இன்ஜினுடைய அம்மா முன்வரிசையில் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வழியில் டயர் பஞ்சராம், மாற்றிக்கொண்டிருக்கிறாராம். பாட்டும் பேச்சும் முடிந்து ரயிலின் முறை வந்துவிட்டது. திரை விலகியது. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். என் மனைவிதான் ரயிலுக்குக் கார்டு. தொப்பி, பச்சைக் கொடி, விசில் எல்லாம் உண்டு. இன்ஜினின் கண்கள் வாசலிலேயே இருந்தன.

என் மனைவி பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சபையைப் பார்த்தாள்.

"பயணிகள் கவனிக்கவும். சிக்னல் இன்னும் விழல. ரயில் கொஞ்ச நேரம் நிக்கும்."

சபை சிரித்தது. பிள்ளைகளும் விடவில்லை. குரங்குப் பெட்டி பசிக்கிறது என்றது. மாட்டுப் பெட்டி அம்மா என்று கத்தியது. கடைசிப் பெட்டி ஒன்றுக்கு வருகிறது என்றது. அது நடிப்பில்லை, நிஜம். அவனை ஓடிப் போய்விட்டு வரச் சொன்னார்கள். அவன் திரும்பி வந்து, கேட்காமலேயே, கழுவிய கையைத் தூக்கிக் காட்டினான். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நானோ பக்கவாட்டில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கசங்கிய சட்டையும் சிக்குத் தலையுமாக ஒருவர் ஓடிவந்தார்.

"அப்பா!"

அந்த ஒற்றைக் கத்தலே ரயிலின் கூவல். என் மனைவி விசில் ஊதவும் மறந்தாள். ரயில் கிளம்பிவிட்டது. மேடையை ஒரு சுற்று, இரண்டு சுற்று, வலது கைகள் எல்லாம் முன்னால் நீண்டு, உள்ளங்கைதோறும் நீல நிறத்தில் என் பெட்டிகள். முகமூடி யாருக்கும் இல்லை. டிரைவர் இந்த முறை படம் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைக்கப் போனவர், தன் கை இருந்த நிலையைப் பார்த்துவிட்டுத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் அவர் மேடையோரம் வந்து இரண்டு கைகளையும் விரித்தார். பாய்ந்து ஓடிவந்த இன்ஜின் அவருக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றாள். தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"கை!" என்றாள்.

டயர் மாற்றிய கறுப்பு மணிக்கட்டு வரைக்கும் அப்பியிருந்தது. அவர் அசடு வழியச் சிரித்தார். குழாயடிக்கு மொத்த ரயிலும் அவருக்குத் துணை போனது.

"விரல் நடுவுல தேய்ங்க மாமா!"

"கட்டைவிரல விட்டுட்டீங்க!"

"இன்னொரு தரம்! நுரை கறுப்பா வருது!"

கடைசியில், சொன்னதைக் கேட்கிற பிள்ளையாய் அவர் இரண்டு கைகளையும் மகளிடம் நீட்டினார். அவள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். திருப்தியான பிறகுதான் தாவி அவர் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அவர் அவளை இறுக்கிக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "சார், எனக்கும் ஒண்ணு குத்துவீங்களா?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

எனக்குக் கேட்கவா வேண்டும்? இருப்பதிலேயே நல்ல மையில் தோய்த்து, அந்தக் காய்ப்புக் காய்த்த உள்ளங்கையின் நடுவே இன்ஜினை அழுத்தினேன். ஒரு கம்பிகூடத் தப்பாமல் விழுந்தது.

"ஸ்டியரிங் புடிக்கும்போதெல்லாம் பாத்துக்குவேன். இத அழிக்கவே மாட்டேன்," என்றார்.

"அய்யே, சாப்பிடறதுக்கு முன்னாடி அழிச்சிடணும்ப்பா," என்றாள் மகள்.

"அப்புறம் எனக்கு ஒண்ணுமே இருக்காதேடா?"

"அப்புறம் நீ திரும்பி வரணும். வந்தாத்தான் அடுத்த பெட்டி."

அவர் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். இந்த முறை எனக்கு இருமிச் சமாளிக்கவும் வரவில்லை. கடைக்குப் போனதும் புது ரப்பரை எடுத்துவைத்து, முதல் வேலையாக டிரைவருக்கு ஒரு பெட்டி வெட்டினேன்.