எதிர் மூலை

குத்துச்சண்டை என்று வந்தால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு முகமது அலி என்றால் உயிர். எடைமேடைக்காரருக்கு ராக்கி மார்சியானோ. இருவரும் பிறப்பதற்கு முன்பே மார்சியானோ ஓய்வு பெற்றுவிட்டார். அலியையும் கைபேசியில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சரக்குக் கிடங்கில் சாப்பாட்டு மணி அடித்தால் போதும், அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு பங்காளிச் சண்டை மாதிரி ஆரம்பித்துவிடுவார்கள்.

"மார்சியானோ ஒரு ஆட்டம்கூடத் தோக்கலய்யா. ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் மீசையை எடுத்துக்கறேன்."

"யாரை அடிச்சாரு? முதல்ல அதைச் சொல்லு. ஜோ லூயிஸுக்கு அப்ப முப்பத்தேழு வயசு. கால் ஓய்ஞ்சுபோன மனுஷனைக் கயித்துக்கு வெளிய தள்ளினாரு. அடிச்சவரே உள்ள போயி அழுதாராம். அலி யாரோட மோதினாரு பாரு. ஃப்ரேசியர், ஃபோர்மன்! எதிர்ல நிக்கிறவன்தான்யா சாம்பியனோட அளவு."

ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மூட்டை தூக்குகிற வேகத்தைப் பார்த்து அவளுக்குக் கிரேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெண்கள் குத்துச்சண்டையில், எண்பத்தொரு கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் அவள்தான் சாம்பியன்.

"அப்படிப் பாத்தா நம்ம கிரேனும் தோக்கவே இல்லியே," என்றார் எடைமேடைக்காரர். "மூணு தங்கம்! எதிர்ல யாரு? காலி மூலை. பாவம் அந்த மூலை, ஒரு தடவைகூட எழுந்திருக்கல."

கிடங்கே சிரித்தது. அவள் கையைக் கழுவினாள், துடைத்தாள், நிதானமாக நடந்து வந்தாள். எடைமேடைக்காரர் உட்கார்ந்திருந்த பெட்டியை அவரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய் எடைமேடையில் வைத்தாள்.

"பெட்டியோட சேத்தே எழுபத்திரெண்டு. எம் பிரிவுக்கு எண்பத்தொண்ணைத் தாண்டணும்ணே. நல்லா சாப்ட்டுட்டு வாங்க. மூலையில நீங்களே நில்லுங்க."

இந்த முறை எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அவளுக்குக் கோபம் தணியவில்லை. அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? விடியும் முன் எழுந்து ஓடி, பகலெல்லாம் மூட்டை தூக்கி, சாயங்காலம் ஆண்களோடு பயிற்சி செய்து உடம்பை இரும்பாக்கி வைத்திருந்தாள். எதற்கு? அந்த எடையில் பெண்கள் வருவதே அபூர்வம். வெள்ளிப் பதக்கத்துக்காக ஏதாவது ஓர் அணி ஒரு பெயரைக் கொடுத்துவைக்கும். பெயருக்குரிய ஆள் வராது. விதிப்படி இவள் தலைக்கவசம், கையுறை, பல்காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு மேடை ஏறவேண்டும். ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். மணி அடிப்பார்கள். ஒரு முழு நிமிடம் அவள் வெறும் மூலையைப் பார்த்தபடி நிற்கவேண்டும். பிறகு நடுவர் வந்து அவள் கையைத் தூக்குவார். வியர்வையே இல்லாத கை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கையை அவர் முகத்திலேயே இறக்கலாமா என்று அவளுக்குத் தோன்றும்.

இந்த வருஷம் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் போனிலேயே கத்தினார். "ஆளு வந்துருச்சும்மா! எடை பாத்தாச்சு, எண்பத்தஞ்சு. உண்மையான ஆளு!"

அன்று முழுக்க அவள் மூட்டைகளை எறிந்த எறியில் மேற்பார்வையாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஃபோர்க்லிஃப்ட்காரரும் எடைமேடைக்காரரும் லீவு போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

போட்டி அரங்கின் வாசலில் ஒட்டியிருந்த எதிராளியின் பெயரைப் படித்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவளுக்கு முந்தைய சாம்பியன். விலகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள் என்று கேள்வி.

"முப்பத்தெட்டு வயசு மாஸ்டர்! இவங்களையா ஆளுன்னீங்க?"

"நானா கூட்டிட்டு வந்தேன்? அவங்களே பேர் குடுத்திருக்காங்க. நாப்பது வரைக்கும் விதியில இடம் இருக்கு."

பெண்கள் உடைமாற்றும் அறையில் அவள் கதவைத் தட்டவில்லை. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி கையில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். காதோரம் நரை. தோள் மட்டும் இன்னும் தோளாகவே இருந்தது.

"எதுக்குக்கா வந்தீங்க?"

"பஸ்ஸை ஓரங்கட்டிட்டு, சும்மா ஒரு சவாரிக்கு."

"விளையாடாதீங்க. உங்களை அடிச்சா, வயசானவளை அடிச்சு ஜெயிச்சான்னு சொல்வாங்க. அடிக்காம விட்டா, அதுக்கும் துப்பில்லம்பாங்க. எனக்குன்னு வந்த ஒரே ஆட்டம்க்கா. அதையும் கெடுத்துட்டீங்களே!"

பட்டை சுற்றிய கை நின்றது. அந்த முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"உனக்குன்னு வந்த ஆட்டமா? எட்டு வருஷம் நான் சாம்பியன். எட்டு வருஷத்துல போட்டி மேடையில இந்தக் கை ஒருத்தி மூஞ்சியிலயும் பட்டதில்ல, தெரியுமா? எனக்கு எதிர்ல நின்னதும் அதே மூலைதான். கடைசியில நடுவர் தூக்க வந்த கையை உதறிட்டு இறங்கிட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே வரல." மூச்சு வாங்கினாள். "போன வருஷம் உன் வீடியோவைப் பாத்தேன். காலி மூலையை முறைச்சுக்கிட்டு நிக்கிறே. என் முறைப்புடி அது. மறுநாளே ஓட ஆரம்பிச்சேன்."

அவள் மறுபடி பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"உனக்காக வரல. எனக்கு ஒரு ஆட்டம் வேணும். பாவம் பாத்து ஒரே ஒரு குத்தைக் குறைச்சேன்னு வையி, காலத்துக்கும் உன்னை மன்னிக்க மாட்டேன். போ வெளிய. கதவைச் சாத்து."

மேடையில் ஒலிபெருக்கி எதிராளியின் பெயரைக் கூப்பிட்டது. பழக்கதோஷத்தில் அவள் கண் வெறுமையைத் தேடியது. அங்கே ஆள் நின்றது. முன்வரிசையிலிருந்து ஃபோர்க்லிஃப்ட்காரரின் குரல் கேட்டது: "இது கணக்குல வராதுய்யா. லூயிஸ் கதைதான்." "வாயை மூடு, பாக்க விடு," என்றார் எடைமேடைக்காரர்.

மணி அடித்தது. எவ்வளவு பலமாக அடிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் குத்து அவள் தாடையில் இறங்கியது. பல்காப்புக்குள் உப்புக் கரித்தது. காது அடைத்துக்கொண்டது. அவள் திருப்பி அடித்தாள். முதலில் அரை மனசாக. அதற்குப் பதிலாக விலாவில் இன்னொன்று வாங்கினாள், மூச்சே நின்றுபோகிற மாதிரி. அப்புறம் அவள் எதையும் குறைக்கவில்லை. காலி மூலைகளுக்கெல்லாம் சேர்த்து அடித்தாள். அந்தப் பக்கமிருந்தும் அப்படியே வந்தது. யாருடைய கோபம் யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இருவரும் நடுவில் நின்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

சுற்று முடிந்து மூலைக்கு வந்தபோது மாஸ்டர் அவள் முகத்தில் தண்ணீரை அடித்து ஏதோ சொன்னார். காதில் ஏறவில்லை. எதிரே, முக்காலியில் அந்த அக்கா சரிந்து கிடந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கியது. அவள் பக்கத்து ஆள், தோல்வியை ஒப்புக்கொண்டு மேடையில் வீசுகிற துண்டைக் கையில் எடுத்து ஏதோ கெஞ்சினான். அவள் துண்டைப் பிடுங்கி மேடைக்கு வெளியே எறிந்தாள். திறந்திருந்த ஒற்றைக் கண் இவளையே முறைத்துக்கொண்டிருந்தது.

கிரேனும் முறைத்தாள்.

மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர் மூலை எழுந்து நின்றது.