ஒன்பது முறை இரண்டாவது

வசந்த்குமார் நாலரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். டீ போட்டால் பால் மிஞ்சும் என்பதால் டீ போடவில்லை. வேன் கண்ணாடியைத் துடைத்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர், வழியில் பதினோரு பேர் ஏறினார்கள். ஏறியதும் தூங்கினார்கள். ஆறே முக்காலுக்கு ஒரகடத்தில் கம்பெனி வாசலில் எழுப்பி இறக்கிவிட்டான். வேன் அறுபதுக்கு மேல் போகாதபடி கம்பெனிக்காரர்கள் பூட்டு போட்டிருந்தார்கள்.

இவன் ஏழு வருடம் தேசிய கார் பந்தயத்தில் முதல் பிரிவில் ஓட்டியவன் என்றால் வேனில் வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். நம்பினால் தூங்கமாட்டார்கள்.

மெக்கானிக்காகப் போன பந்தய டீமில் ஒருநாள் காரைச் சோதிக்க ஓட்டினான். அங்கே பந்தயம் ஓட்டிய முதலாளி மகனைவிடச் சுற்றுக்கு இரண்டு நொடி குறைவு. அன்றே அவனுக்கும் ஒரு சீட் கொடுத்தார்கள். முதலாளி மகன் தேய்த்துப்போட்ட டயரையும் கொடுத்தார்கள். நாற்பத்தொரு பந்தயம். ஒன்பது முறை இரண்டாவது. முதலாவதாக வந்துகொண்டிருந்தபோது ஒருமுறை பெட்ரோல் பம்ப் நின்றது. ஒருமுறை முதலாவதாக வந்தேவிட்டான். காரின் எடை விதியைவிட அரைக் கிலோ குறைவு என்று கடைசிக்குத் தள்ளினார்கள். ஒருமுறை கடைசிச் சுற்றில் நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டான். நாய் பிழைத்தது. ஊருக்குத் தெரிந்தது அந்த ஒரு பந்தயம்தான். டீக்கடையில் இன்றும் கேட்பார்கள்: "இன்னா வசந்து, நாயி பர்ஸ்ட்டாமே?"

அன்று வேனை விட்டுவிட்டு நேரே தாமோதரனின் மனைப் பிரிவுக்குப் போனான். தாமோதரன் நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு விற்கிறவர். இந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தில் ஒரு டீமில் சீட் காலியாக இருந்தது. செலவை அவர் ஏற்பார். காரின் மேல் அவருடைய மனைப் பிரிவின் பெயர் இருக்கும். சாயங்காலத்துக்குள் அவர் டீமின் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வசந்துக்கு வயது முப்பத்தைந்து. இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. மனைவி தேவயானி செத்த இந்தப் பதினோரு மாதத்தில் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது இந்தச் சீட் ஒன்றுதான்.

பதிலுக்கு அவன் மூன்று நிமிட விளம்பர வீடியோவில் பேச வேண்டும். யூடியூப் சேனல் நடத்தும் ஆல்பர்ட் போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சவனுக்குக் கப்பு கீதுண்ணா. ஜெயிக்காதவனுக்குக் கத வோணும்," என்றான். "மொதல்ல அந்த நாயி. நாயி வோணாம். பசுமாடுன்னு வெச்சிக்கலாம்."

"ரேஸ் டிராக்ல மாடு எப்பிடிடா வரும்?"

"நாயி வந்துச்சில்ல?"

வசந்த் தலையாட்டினான். நாய் பசுவானது.

"ரெண்டாவதுன்னு சொல்லாத," என்றார் தாமோதரன். "வெள்ளி வெற்றின்னு சொல்லு. ஒம்போது வெள்ளி வெற்றி."

அதற்கும் தலையாட்டினான்.

பேனர் ஏற்கெனவே கட்டியிருந்தது. கார் அளவுக்குத் தேவயானி. கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். பக்கத்தில் நின்றவனை வெட்டியிருந்தார்கள். அவன் முழங்கை மட்டும் மிச்சம். கீழே, 'மனைவியின் கடைசி ஆசை: ஒரே ஒரு வெற்றி'. அதற்கும் கீழே, 'சில மனைகளே உள்ளன'.

ஆல்பர்ட் எழுதி வைத்திருந்ததைப் படித்தான். "'என்னங்க, என் உயிர் பிரிந்தாலும் நீங்கள் ஒருமுறையாவது கோப்பையோடு வர வேண்டும்.' இதான் அண்ணி கடசியா சொன்னது."

"அவ என்ன என்னங்கன்னு கூப்ட்டதே இல்ல."

"இப்ப கூப்ட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"ரேஸுக்கே வந்ததில்லடா. சத்தம் ஆவாது அவளுக்கு."

தாமோதரன் சிரித்தார். "யப்பா, செத்தவங்க வந்து இல்லன்னா சொல்லப்போறாங்க? எங்க நைனா போவும்போது 'மனைய நல்லபடியா வித்து நாலு பேர வாழ வெய்யி'ன்னார்னு நானே சொல்லிக்கினு கீறேன்."

"நெசமா இன்னா சொன்னாரு?" என்றான் வசந்த்.

"நெலத்த விக்காதடா பாவின்னாரு."

கேமரா முன் வசந்த் முதல் தடவை பசுவோடு நின்றுவிட்டான். இரண்டாம் தடவை 'என்னங்க' வரைக்கும் வந்தது. மூன்றாம் தடவை 'உயிர்' என்றதும் இருமினான். "இருமல் நல்லாகீது, அதோட கொஞ்சம் கண்ணுல தண்ணி," என்றான் ஆல்பர்ட். டீமிலிருந்து போன் வந்தது. தாமோதரன் பத்திரத்தைத் தன் கார் பானெட்டில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"ஒத்த வரிதான் வசந்து. சொல்லு, சீட்டு உன்னுது."

வசந்த் கேமராவைப் பார்த்தான். பசுவைச் சொன்னான். ஒன்பது வெள்ளி வெற்றிகளைச் சொன்னான். "தேவயானி கடசியா சொன்னது..." என்றான். ஆல்பர்ட் கட்டைவிரலை உயர்த்தினான்.

"மூணு நாளு காய்ச்சல். வார்டுல ஃபேனுக்குக் கீய பெட்டு கெடச்சிது. அதுல அவளுக்கு சந்தோசம். குளிச்சிட்டு வரேன்னு நான் கெளம்பனேன். கதவு கிட்ட போனப்புறம் கூப்ட்டா."

ஆல்பர்ட் விரலை இறக்கினான். தாமோதரன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். வசந்த் நிறுத்தவில்லை.

"'சார்ஜர் எட்த்துக்கினு வா'ன்னா. 'உன்னுது வோணாம், அதுல ஏறவே மாட்டேங்குது. என்னுது எட்த்துக்கினு வா.'"