வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பாள்

பாஸ்க் நாட்டில் எந்த மூலையில் யாரைச் சுட்டாலும், மறுநாள் மாலை ஏழரை மணிக்கு எங்கள் ஊர் நகரசபை வாசலில் நாங்கள் போய் நிற்போம். பதினைந்து நிமிடம். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. "கொலை வேண்டாம்" என்று எழுதிய ஒரு துணி, அதற்குப் பின்னால் பதினோரு பேர். எதிர்ப்பக்கம் அறுபது பேர் நின்று எங்கள் பெயர்களைச் சொல்லிக் கத்துவார்கள். தனிநாடு கேட்டுத் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு வேண்டியவர்கள். அதில் பாதிப் பேர் என் கடையில் ஆணி வாங்குகிறவர்கள்தான்.

என் பெயர் இசாஸ்குன். இரும்புக் கடை வைத்திருக்கிறேன். ஃபெர்மினைச் சுட்ட மறுநாள்தான் முதன்முதலாகப் போய் நின்றேன். அவன் வெள்ளையடிக்கிறவன், நகரசபையிலும் உறுப்பினன். அவர்களுக்குப் பிடிக்காத கட்சியில் இருந்தான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். முந்தின நாள் என்னிடம் இரண்டு பிரஷ் வாங்கிக்கொண்டு போனவனைக் கொன்றுவிட்டு, அதையும் என்னைப் போன்ற பாஸ்க் மக்களுக்காகச் செய்ததாகச் சொன்னால் வயிறு எரியாதா?

பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் ஆறு தோழிகள். சனிக்கிழமை மாலைகளில் கடை கடையாக ஏறி ஆளுக்கொரு கோப்பை ஒயின் குடித்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவோம். நான் போய் நின்ற வாரமே ஒருத்திக்குத் தலைவலி வந்தது. அடுத்த வாரம் இன்னொருத்தியின் புருஷனுக்குக் கோபம் வந்தது. ஒருத்தி என்னைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனாள். ஆறு மாதத்தில் நான்கு பேரும் போய்விட்டார்கள். சீ, இவளுகளெல்லாம் ஒரு மனுஷிகளா என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

நெகானே மட்டும் போகவில்லை. அவள் என் சீட்டுக் கூட்டாளி. நாங்கள் ஆடுவது முஸ். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரு கட்சி. உதட்டைக் கடித்தால் கையில் இரண்டு ராஜா, நாக்கு நுனியை நீட்டினால் இரண்டு ஆஸ். இந்தச் சைகை கள்ள ஆட்டம் இல்லை, ஆட்டமே அதுதான். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். ஆனால் சைகையில் மட்டும் பொய் காட்டக் கூடாது. காட்டினால் மேஜையை விட்டு எழுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடம், வெள்ளி தவறாமல், மாலை ஆறு மணிக்குச் செமாவின் மதுக்கடையில், ஜன்னலோர மேஜையில் ஆடினோம். ஊர் நாய்க்குக்கூட அது தெரியும்.

ஆனால் ஒரு நாள்கூட அவள் என் பக்கத்தில் வந்து நின்றதில்லை.

"ஒரே ஒரு தடவை வந்து நில்லேன்டீ" என்பேன்.

"எனக்கு மூட்டு வலி."

"மாட்டுச் சந்தையில மூணு மணி நேரம் நிக்கிறியே, அப்ப எங்க போச்சு வலி?"

"மாடு என் பேரைச் சொல்லிக் கத்தாதுடீ. சீட்டைப் போடு."

நான் சிரித்துவிடுவேன். என்னோடு உட்கார ஒருத்தியாவது இருக்கிறாளே, அது போதும் என்று இருந்தேன்.

போன மார்ச்சில் என் கடைக் கதவில் துப்பாக்கிக் குறிவட்டம் வரைந்து, நடுவில் என் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். பெயிண்டும் என் கடையில் வாங்கியதுதான். அந்தச் சிவப்பு வேறு எங்கும் கிடைக்காது. "கடையில வாங்கின சரக்கு எப்படி இருக்குன்னு காட்டிட்டுப் போயிருக்கானுவ" என்று நெகானேயிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு போலீஸ்காரர்கள் சாதாரண உடையில் கடைக்கு வந்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது துப்பாக்கிகளோடு ஒரு தாளும் கிடைத்ததாம். அதன் நகலை மேஜையில் வைத்தார்கள். டைப் அடித்திருந்தது. தலைப்பில் என் பெயர்.

திங்கள்: எட்டே முக்காலுக்குத் தனியாக ஷட்டரைத் தூக்குவாள், முதுகு தெருப்பக்கம். செவ்வாய்: சரக்கெடுக்கப் போவாள், வேன் கோயிலுக்குப் பின்னால் நிற்கும். வியாழன்: மதியம் செத்துப்போன தங்கையின் கல்லறைக்குப் போவாள், அழுவாள், சுற்றிப் பார்க்க மாட்டாள்.

படித்துக்கொண்டே போனேன். வெள்ளி: மாலை முழுக்க வீட்டில் இருப்பாள். வெளியே வர மாட்டாள்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார் இருவரில் வயதில் பெரியவர். அவர் வெளியூர்க்காரர்.

"இருக்கு" என்றேன்.

"யார் எழுதியிருப்பாங்கன்னு தோணுதா?"

"இல்லை" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் எங்கே இருப்பேன் என்று ஊருக்கே தெரியும்; சுட வரும் வெளியூர்க்காரனுக்குத்தான் தாள் தேவை. என்னைக் கொல்ல அதைவிட வசதியான நாளே கிடையாது. தெரிந்தே அதை மறைத்து எழுதியிருக்கிறார்கள் என்றால், துப்பாக்கி அந்த மேஜைப் பக்கம் வரக் கூடாது என்று நினைத்தவர்கள்தான். செமாவா? நான் கல்லறையில் அழுவது அவனுக்குத் தெரியாது. எங்களை எதிர்த்து ஆடுகிற ஜோடி வாரத்துக்கு வாரம் மாறும். குண்டு என் மேல் பாயும்போது தவறாமல் எனக்கு நேர் எதிரே இருக்கப்போகிறவள் ஒருத்திதான். வேறு ஆளாக இருக்கட்டும் என்று நான்கு நாள் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன். எனக்குப் பாதுகாப்புக்கு வந்த அந்தப் பெரியவர் கவுன்டர் பக்கம் நின்றார். நெகானே வழக்கம்போல் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடீ, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை நான் வீட்டில இருப்பேனாமே?"

அவள் கை நின்றது. என்ன பேசுகிறாய் என்று கேட்பாள், கேட்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

"உன்னைக் காப்பாத்திக்க எழுதினியா?"

"ஒரு நாளாவது நீ நிம்மதியா இருக்கட்டும்னு எழுதினேன்."

"ஒரு நாளா? மிச்ச ஆறு நாள் சாகட்டும்னா?"

"கத்தாதடீ. என் பையனைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்கம்மா அவகூட உக்காந்து சீட்டாடுறாளே, அவ எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அவன் அழுதுகிட்டு வந்து நின்னான். ஒண்ணு அவகூடச் சேர்க்கையை விடு, இல்ல நம்ம ஆளுதான்னு காட்ட அவளைப் பத்தி எழுதிக் குடுன்னாங்க."

"விட்டிருக்கலாமே? அவளுக நாலு பேரும் விட்டாளுகளே!"

நெகானே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அதில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உன்னை விட்டுப் போக எனக்கு மனசு வரல இசாஸ்குன்" என்றாள். "அதனாலதான் எழுதிக் குடுத்தேன்."

ஐந்து வருடமாக நான் சபித்த நான்கு பேரும் நினைவுக்கு வந்தார்கள். தலைவலிக்காரி, புருஷன் பேச்சைக் கேட்டவள், தெருவைக் கடந்து போனவள், ஒரு வார்த்தை சொல்லாமல் வருவதை நிறுத்தியவள். கோழைகள்தான். ஆனால் அவர்கள் யாரும் என்னைப் பற்றி ஒரு வரி எழுதித் தரவில்லை. எழுதித் தர அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. என்னை விட்டுப் போய்விட்டார்களே, அவர்களை எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

"சொல்லப் போறியாடீ?" என்றாள் நெகானே. "பையன் இருக்கான்."

எழுந்தேன். கவுன்டருக்குப் போய், அவள் பெயரை அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு குடும்பப் பெயர்களோடும் சேர்த்துச் சொன்னேன். பெரியவர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

"இந்த ஊர்ல என்னை விட்டுப் போகாத ஒரே ஆளு" என்றேன்.