பத்தொன்பது டிகிரி

காரின் பின் சீட்டில் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாள். முன்னால் இருந்த திரை பத்தொன்பது டிகிரி என்று காட்டியது. திரையை நம்பி வாங்கிக் கட்டிக்கொண்ட டிரைவர்கள் அந்தக் கம்பெனியில் நிறையப் பேர். காது மடல் சில்லிட வேண்டும், அப்போதுதான் சரி என்று அவள் புருஷன் சொல்வான். காது மடல் சில்லிட்டது. தண்ணீர் பாட்டிலைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். இருக்கையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்து ஊதினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

விடிவதற்குள் போன் வந்திருந்தது. யாருக்கு எந்த வண்டி, எந்த விமானம் என்று பிரித்துக் கொடுப்பவரை டிரைவர்கள் 'அலாரம்' என்பார்கள். எல்லோரையும் படுக்கையிலிருந்து எழுப்புவது அவர் குரல்தான். இன்று அந்தக் குரல் கொஞ்சம் தொண்டையைச் செருமியது.

"வேற ஆளே இல்லம்மா. ரெண்டு பேர் லீவு. பத்தொன்பது வர்றார். நீதான் போகணும்." அப்புறம், "கொஞ்சம் பாத்து நடந்துக்க" என்றார்.

சொந்த விமானத்தில் வருகிறவர்களின் பெயர் டிரைவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. விமானத்தின் எண், வந்து இறங்கும் நேரம், அவர்களுக்கு என்னென்ன பிடிக்கும், எதெது ஆகாது, இவ்வளவுதான். அதனால் பிடித்ததையும் ஆகாததையும் வைத்தே பெயர் சூட்டிவிடுவார்கள். வண்டியில் வெள்ளைப் பூ இருக்க வேண்டும் என்கிற அம்மாளுக்குப் பூக்காரி என்று பெயர். நாய்க்குத் தனி சீட் கேட்பவரை நாய்மாமா என்பார்கள். இவன் பத்தொன்பது. பாட்டு கூடாது, பேச்சு கூடாது, பத்தொன்பது டிகிரிக்கு மேல் ஒரு டிகிரி ஏறக் கூடாது. பெரிய மனிதர்கள் எல்லாம் டிரைவருக்குக் குறுக்காக, இடது பக்கம் உட்காருவார்கள். இவன் மட்டும் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால்தான் உட்காருவான். கண்ணாடியில் டிரைவர் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. பயணியை விமானத்தின் படிக்கட்டில் இறக்கிவிட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. சக்கரம் தரையை விட்டு எழும்பும் வரை காரும் அங்கேயே நிற்க வேண்டும், டிரைவரும் வெளியே இறங்கி நிற்க வேண்டும். எதையாவது மறந்திருப்பார்கள், மனம் மாறித் திரும்பி வருவார்கள். பயணியே வாய் திறந்து 'வண்டி போகட்டும்' என்றால் ஒழிய விடுதலை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் புருஷன் அப்படித்தான் நின்றான். பத்தொன்பது விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, போனில் யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். போகிறானா திரும்புகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. வெயிலில் நின்றவனுக்கு இடது கை மரத்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அலாரத்தைக் கூப்பிட்டுச் சொன்னான். பயணி விடாமல் எப்படி வருவாய், கொஞ்சம் பொறு என்றார் அலாரம். அங்கே பயணிகளைக் கவனிக்கும் பெண் ஒருத்தி, மனசு கேட்காமல் படியேறிப் போய், டிரைவருக்கு உடம்பு சரியில்லை, வண்டியை அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "நிக்கச் சொல்லு" என்றான்.

நின்றான். விமானம் கிளம்பியபோது அவள் புருஷன் தரையில் கிடந்தான். கேட்டில் இருந்த காவலாளி ஓடி வந்து தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்ன சொல்லை அவள் இன்றுவரை விழுங்கவில்லை. சாவியை வீசி எறிந்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று புருஷன் மேலும் அவளுக்குக் கோபம் உண்டு. ஆனால் ஒரு பக்கம் விழுந்து படுத்திருப்பவன் மேல் எத்தனை நாள் கோபித்துக்கொள்ள முடியும்? அதையும் சேர்த்துப் பத்தொன்பதின் தலையில் ஏற்றி வைத்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குப் புருஷனின் வேலையைக் கொடுத்தது கம்பெனி. பெரிய மனசு பண்ணி என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வாயை அடைக்க என்பது அவள் கட்சி. எதற்கானால் என்ன, என்றைக்காவது அவன் வந்து தன் வண்டியில் ஏறாமலா போவான் என்றுதான் அவள் அந்தச் சீருடையை மாட்டினாள்.

விமானம் வந்து நின்றது. பின்கதவு படிக்கட்டுக்கு நேராக இருக்கும்படி காரைக் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி நின்றாள். மனதுக்குள் இத்தனை நாள் தீனி போட்டு வளர்த்ததில் அவன் வாசல் கொள்ளாத ஆளாக ஆகிவிட்டிருந்தான். இறங்கி வந்தவன் அவள் காது உயரம்தான் இருந்தான். காலணி நாடா ஒன்று அவிழ்ந்து கிடந்தது. போனில் பேசியபடியே வந்தவன், அவள் திறந்து பிடித்த கதவுக்குள் நுழைந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவே இல்லை. கதவு தானாகத் திறந்தது என்று சத்தியம் பண்ணச் சொன்னால்கூடப் பண்ணுவான்.

பெட்டியை வாங்கி வைக்கும்போது மூத்த பைலட் படியில் நின்று சோம்பல் முறித்தார். அவளை முன்பே தெரிந்தவர்.

"சாயங்காலம் சீக்கிரம் கூட்டிட்டு வந்துரும்மா. நாங்க நடு ராத்திரிலேருந்து டியூட்டில இருக்கோம். அஞ்சு மணிக்குள்ள சக்கரம் உருண்டாகணும்."

"உருளலைன்னா?"

"அவர் தலைகீழா நின்னாலும் பறக்க மாட்டோம். தூங்காத பைலட் ஓட்டக் கூடாதுன்னு சட்டம். மாத்து பைலட்டுக்கு இங்க எங்க போறது? எல்லாரும் இங்கயே படுக்க வேண்டியதுதான்." சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சொந்த விமானம் வைத்திருப்பவனைத் தாமதமாக்க முடியாது, விமானம் அவனுக்காகக் காத்திருக்கும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். எதுவும் யாருக்காகவும் கடைசிவரை காத்திருக்காது போலிருக்கிறது.

நகரத்தின் நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவனை இறக்கிவிட்டு, நிலத்தடியில் வண்டிகள் நிற்கும் இடத்தில் காத்திருந்தாள். அங்கிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது நாத்தனார். அண்ணனைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"அவன் வந்திருக்கான்" என்றாள் இவள்.

எவன் என்று நாத்தனார் கேட்கவில்லை. "அண்ணி, உங்க வண்டிலயா?"

"என் வண்டிலதான்."

"விட்றாதீங்க அண்ணி. அவன் உங்க கால்ல விழுந்து கதறினாலும் விட்றாதீங்க. அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு."

நாத்தனார் போனை மூடாமலே உள்ளே போனாள். கட்டில் கிறீச்சிட்டது. அவள் குனிந்து காதோரம் சொல்வது கேட்டது. அப்புறம் புருஷன் சிரித்தான். வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் வருகிற, காற்றும் எச்சிலும் கலந்த சிரிப்பு. இரண்டு வருஷத்தில் அவள் கேட்கும் முதல் சிரிப்பு. தூணில் சாய்ந்து நின்று அதைக் கடைசிவரை கேட்டாள். அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

அவன் கீழே இறங்கி வந்தபோதே நேரம் ஆகியிருந்தது. "வேகமா போ" என்றான். அவள் வேகமாகவே போனாள். தண்ணீர் பாட்டில் அசையாத அளவுக்கு, புருஷன் ஓட்டுவதைப் போலவே ஓட்டினாள். பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ராத்திரி அவன் ஊரில் அவனுடைய கம்பெனிக் கூட்டம். அவனைக் கம்பெனியை விட்டுத் தூக்க அவனுடைய சொந்த அண்ணனே எல்லோரையும் சரிக்கட்டி வைத்திருக்கிறான்.

"நான் நேர்ல போய் எதிர்ல உக்காந்தா எவனுக்கும் கை தூக்க தைரியம் வராது. போன்ல வந்தா என்னைய ஒரு பொருட்டா மதிப்பானா? நாளைக்குன்னா முடிஞ்சது. எல்லாம் முடிஞ்சது." கொஞ்ச நேரம் எதிர்முனை பேசியது. "அப்பா கட்டுனதுடா" என்றான். குரல் உடைந்திருந்தது.

ஐயோ பாவம் என்று அவளுக்குள் ஒன்று எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே அதன் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

கேட்டுக்கு முன்னால் இருந்த கடைசி சிக்னலில், கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைக் கழற்றி இருக்கை இடுக்கில் செருகினாள். விமானங்கள் நிற்கும் தளத்துக்குள் அட்டை இல்லாத டிரைவர் நுழைய முடியாது. டிரைவர்களில் எவரும் சாப்பாட்டை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள். கேட்டில், புருஷனைத் தோளில் தூக்கிப் போன அதே காவலாளி இருந்தார். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் விமானம் நின்றது. படிக்கட்டு இறக்கியிருந்தது. பைலட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டைக் காணோம் அண்ணே" என்றாள். "காலையில கழுத்துலதான் இருந்துச்சு."

காவலாளி குனிந்து பார்த்தார். இருக்கை இடுக்கில் நீல நாடாவின் நுனி வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பின் சீட்டில் இருப்பவனைப் பார்த்தார். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"கார்டு இல்லாம விட முடியாதும்மா." பின் சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என்ன இது? பிளேன் அங்கதானே நிக்குது? நான் நடந்து போறேன்."

"உள்ள யாரும் நடக்கக் கூடாது சார். வண்டிலதான் போகணும்."

"அப்ப வேற வண்டி வரச் சொல்லு."

"சொல்றேன் சார்." காவலாளி கூண்டுக்குள் போய்ப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எதிர்முனையில் ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

அவன் தன் போனில் பைலட்டைக் கூப்பிட்டான், கத்தினான், அலாரத்தைக் கூப்பிட்டான், அங்கேயும் கத்தினான். அப்புறம் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் முன்னால் சாய்ந்தான். கண்ணாடியில் முதல் தடவையாக அவன் முகம் விழுந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கி, மூக்கில் வியர்த்து, சாதாரணமான முகம்.

"உனக்கு என்ன வேணும்? எதுவானாலும் கேளு."

இந்த இடத்துக்கு என்று அவள் எத்தனையோ பேச்சு சேர்த்து வைத்திருந்தாள். புருஷனுக்கு உடம்பு துடைக்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, தூக்கம் வராமல் புரளும்போது. இப்போது வாயைத் திறந்தால் மூன்று வாக்கியம்தான் வந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி, அதோ அங்க, உங்க வண்டி வெயில்ல நின்னுச்சு சார். டிரைவருக்கு வாய் கோணிடுச்சு. வண்டிய அனுப்பிடலாமான்னு ஒரு பொண்ணு ஏறி வந்து உங்ககிட்ட கேட்டாங்க."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். புருவம் சுருங்கியது, கண் மேலே போய் எதையோ தேடித் திரும்பி வந்தது.

"எந்த வண்டி?" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நினைவிருந்து மறைக்கிறான் என்றால் அவள் வீட்டில் நடந்ததற்கு அவனிடத்திலும் ஒரு மூலையில் இடம் இருந்திருக்கும். புருஷனிடம் இன்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடலாம், ராத்திரி முழுக்கச் சொல்லலாம், இதை மட்டும் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

பட்டனை அழுத்தி இன்ஜினை அணைத்தாள். குளிர் வரும் சத்தம் நின்றது. இறங்கினாள். தன் கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, கூண்டுக்கு வெளியே கிடந்த காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பயணி பார்க்கும்படி டிரைவர் உட்காரக் கூடாது. கையுறைகளைக் கழற்றினாள், கழுத்துப் பட்டனை அவிழ்த்துவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பைலட் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே யாருக்கோ தலையை ஆட்டினார். இரண்டு ஆட்கள், ராத்திரி நிறுத்தி வைக்கும்போது போடுகிற சிவப்பு உறைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்ஜின்களின் வாயில் ஒவ்வொன்றாக மாட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள்.

காவலாளி போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். "வேலை போயிடும்மா."

"தெரியும் அண்ணே."

"எனக்கும்தான்" என்றார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத சந்தோஷம். அதற்கு அடியில் அவனுடைய அந்த 'எந்த வண்டி' பல்லில் சிக்கிய நார் மாதிரி கிடந்தது. அதை நாக்கால் நெருட வேண்டாம் என்று காரைப் பார்த்தாள்.

திறந்து கிடந்த முன்கதவு வழியே பின் சீட் தெரிந்தது. அவன் கோட்டைக் கழற்றியிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வெளியே வருவதற்காகக் கதவைத் தடவிக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தள்ளினான், கை வைக்கும் மேட்டை அமுக்கினான், கதவில் பதித்த மரப் பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டினான். கைப்பிடி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. காவலாளி அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் விரல்கள் மெதுவாகக் கதவின் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே போய் வந்துகொண்டிருந்தன.